தொண்ணூற்றொன்று வரிசைக்குள் அடங்கிய படலம்

வாழ்க, புகார்ப் பிரிவின் பேரரசி! இடக்காதில் தொலைபேசியும் வலக்கையில் ஆறிப்போன தேநீரும் ஏந்தி, ‘என் குடை விரிய மாட்டேங்குது’ என்று சீறுவோர்க்கு விரிக்கும் வழியையும், ‘என் குடை மடங்க மாட்டேங்குது’ என்று சீறுவோர்க்கு மடக்கும் வழியையும், இரண்டுமின்றி ‘என் குடையையே காணோம்’ என்று சீறுவோர்க்கு ஆறுதலையும், குரல் ஒரு நூல்கூட உயராமல் வழங்கும் பொறுமைக் கடலே, வாழ்க! உன் வெற்றியைப் பாட வந்தேன். எண்களுக்கெல்லாம் முன்னே நின்றும் தனியே நின்றால் மதிப்பேதும் இல்லாத சுழியே, நீ வந்து என் நாவில் அமர்ந்து துணை செய்வாய்! மற்ற எண்களெல்லாம் இன்று போர்க்களத்தில் இருக்கின்றன. சும்மா இருப்பது நீ ஒருத்திதான்.

காவியம் என்றால் முதலில் நாட்டை வர்ணிக்க வேண்டும், இல்லாவிட்டால் புலவர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆகவே வர்ணிக்கிறேன். குடைகள் பிறக்கும் அத்தொழிற்சாலையின் முற்றமானது, வடக்கே சைக்கிள் நிறுத்துமிடமும், தெற்கே மூடி தொலைந்த தண்ணீர்த் தொட்டியும், கிழக்கே உறுமுவதைத் தவிர வேறொன்றும் அறியாத ஜெனரேட்டரும், மேற்கே பாதி திறந்து பாதியிலேயே வாழ்க்கை வெறுத்துப்போன இரும்புக் கேட்டும் எல்லைகளாகக் கொண்டு விளங்கியது. ஆண்டுக்கு ஒருமுறை அந்த முற்றத்தில் அனைவரும் திரண்டு நின்று படம் எடுத்துக்கொள்வது வழக்கம். அந்தப் படம் வாசலில் மாட்டப்படும். ஆளுக்கொரு பிரதி வீட்டுக்கும் தரப்படும்.

அந்நாட்டை ஆண்டவர் முதலாளி. எண்கம்பிக் குடையின் அதிபதி, மழைக்கு நண்பர், வெயிலுக்கும் நண்பர், மேகமூட்டத்துக்கு மட்டும் பகைவர். அவர் விதித்த சட்டம் ஒன்றே ஒன்று. அதை நாற்காலி மேல் ஏறி நின்று அவரே முழங்கினார்.

“நம்ம குடையில கம்பி எட்டும் ஒரே நீளம். அதே மாதிரி நம்ம போட்டோல வரிசை எல்லாம் ஒரே நீளமா இருக்கணும். ஒரு வரிசை நீண்டு ஒரு வரிசை குறைஞ்சா, பார்க்குறவன் நம்ம குடையும் அப்படித்தான்னு நினைச்சுக்குவான்!”

இதில் தவறேதும் இல்லை. தவறெல்லாம் தலைகளின் எண்ணிக்கையில் இருந்தது. முதலாளியையும் சேர்த்து அங்கே தொண்ணூற்றொரு பேர்.

தொண்ணூற்றொன்று! எதிரியின் பெருமையைப் பாடாமல் வெற்றியைப் பாடினால் அது கரப்பான்பூச்சி அடித்த கதையாகிவிடும். ஆகவே கேளுங்கள். பார்த்தால் சாதுவான எண். நூறைத் தொடும் ஆசை இல்லை, எண்பதுகளின் அலட்சியம் இல்லை. ஆனால் கிட்டே போனால் அது கோட்டை. இரட்டைப்படை இல்லை, ஆகவே இரண்டின் வாள் அதன் மதிலில் பட்டு முனை மழுங்கும். அதன் இலக்கங்கள் ஒன்பதையும் ஒன்றையும் கூட்டினால் பத்து, ஆகவே மூன்றின் வேல் முறியும். கடைசி இலக்கம் சுழியும் அன்று, ஐந்தும் அன்று, ஆகவே ஐந்தின் யானைப் படை வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும். இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. இரண்டால் வகுத்தாலும் மிச்சம் ஒன்று. மூன்றால் வகுத்தாலும் ஒன்று. ஐந்து, ஆறு, ஒன்பது, பத்து, எதைக் கொண்டுபோய் மோதினாலும் ஒருவரை, ஒரே ஒருவரை, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும் எண் அது.

அந்த ஒருவர் யார் என்பதிலும் ஐயம் இல்லை. அத்தொழிற்சாலையில் ஊழியர்கள் எதற்காக வரிசையில் நின்றாலும், தேநீருக்கானாலும் சரி, தீயணைப்புப் பயிற்சிக்கானாலும் சரி, குடை உருவாகும் முறைப்படியே நிற்பார்கள். முதலாளி முன்னே, அவர் பின்னே கணக்கு, அப்புறம் துணி வெட்டுவோர், தைப்போர், கம்பி பொருத்துவோர், கைப்பிடி மாட்டுவோர், பெட்டியில் அடைப்போர், விற்போர். எல்லாம் முடிந்து, குடை ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, ஒரு மழையில் நனைந்து, ஒரு காற்றில் வானம் பார்த்து மல்லாந்த பிறகு வருவதுதான் புகார். ஆகவே எல்லா வரிசைக்கும் வால், புகார்ப் பிரிவின் ஒரே ஆளான அவள்.

சென்ற ஆண்டு பத்துப் பத்துப் பேராக ஒன்பது வரிசை நின்றார்கள். மிச்சம் ஒன்று. “அக்கா, நீங்க சும்மாதானே நிக்கிறீங்க, இந்தக் குடையைக் கொஞ்சம் பிடிங்க” என்றார் படக்காரர். கேமராவின் திரையில் வெயில் அடித்தால் அவருக்குப் படம் தெரியாது. தலையில் அடித்தால் எதுவுமே தெரியாது. ஏனெனில் அவர் தலையில் முடி இல்லை. அவள் அவர் பின்னே நின்று, கேமராவுக்கும் அத்தலைக்கும் சேர்த்துக் குடை பிடித்தாள். தொண்ணூறு பேர் சிரித்தார்கள். படத்தின் கீழோரத்தில், தரையில், வட்டமாக ஒரு குடையின் நிழல் விழுந்தது. அந்த நிழல்தான் அவள்.

அந்தப் படத்தை அவளுடைய அப்பா கூடத்தில் மாட்டினார். அவர் ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர். இருக்கைக்கடியில் ஒளிந்தவரையும் கழிவறையில் ஒளிந்தவரையும் வேலைநாளெல்லாம் காலரைப் பிடித்து வெளியே இழுத்தவர். அப்பேர்ப்பட்டவர், வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரையும் படத்தின் முன்னே கொண்டுபோய் நிறுத்தி, கணக்காளரின் அகன்ற மார்பின் மேல் விரலை வைத்து, “இந்தா குண்டா நிக்கிறாரு பாருங்க, இவருக்குப் பின்னாலதான் என் பொண்ணு. ஆளு கொஞ்சம் குள்ளம், அதான் மறைஞ்சிட்டா” என்பார். அவள் குள்ளம் அல்லள். கணக்காளரைவிட நாலு விரற்கடை உயரம். தண்ணீர் டம்ளரோடு வாசற்படியில் நிற்கும்போதெல்லாம் இதைக் கேட்டுவிட்டு, டம்ளரை வந்தவர் கையில் திணித்து உள்ளே போய்விடுவாள். பாவம், அப்பா நம்பிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தாள். நான் அதில் இல்லவே இல்லை அப்பா என்று சொல்ல வாய் வரவில்லை. இந்த ஆண்டுப் படத்தில் தலை முதல் கால் வரை தெரிய நின்றே தீருவது, பிறகு அந்தப் படத்தைக் கொண்டுபோய்ப் பழைய படத்தின் இடத்தில் தன் கையாலேயே மாட்டுவது என்று சபதம் பூண்டாள். சபதத்தை யாரிடமும் சொல்லவில்லை. புகார் கேட்பவர்களின் புகாரை யார் கேட்பார்கள்?

போர்நாள் வந்தது. படக்காரர் முக்காலியும் கேமராவும் தோளில் தொங்க, பாதிக் கேட்டின் வழியே உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நுழைந்தார். ‘கொஞ்சம் சிரிங்க’ என்னும் இரு சொற்களைத் தவிர வேறு போர்முழக்கம் அறியாத அவரை ஊரே அந்தப் பெயரால்தான் அழைத்தது. அன்று அவர் சிரிக்கவில்லை. வெயில் இறங்குமுன் இன்னொரு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது.

முதலில் இரண்டு வரிசை. வரிசைக்கு நாற்பத்தைந்து பேர். வடகோடியில் இருந்தவர் சைக்கிள் மேல் உட்கார நேர்ந்தது, தென்கோடியில் இருந்தவர் தொட்டிக்குள் விழப் பார்த்தார். மிச்சம் ஒன்று. மூன்று வரிசை, முப்பது முப்பது. மிச்சம் ஒன்று. ஐந்து வரிசை, பதினெட்டுப் பதினெட்டு. மிச்சம் ஒன்று. ஆறு வரிசை, பதினைந்து பதினைந்து. படை விரிந்தது, குவிந்தது, மறுபடி விரிந்தது. கால் மிதிபட்டவர் மிதித்தவரைப் பார்த்தார், மிதித்தவர் மேகத்தைப் பார்த்தார். புழுதி எழுந்து ஜெனரேட்டரையே தும்ம வைத்தது. புழுதி அடங்கியபோது மிச்சம் ஒன்று, அதே ஒன்று, புகார்ப் பிரிவின் ஒன்று, தன்னந்தனியே நடுமுற்றத்தில் நின்றது.

படக்காரர் பழக்க தோஷத்தால் குடையை நீட்டினார். அப்போது, இடி இடித்தாலும் ‘லைன்ல இருங்க சார்’ என்று மட்டுமே சொல்லிப் பழகிய அந்த வாய் திறந்தது.

“இந்தத் தடவை குடை பிடிக்க மாட்டேங்க. நானும் நிக்கிறேன்.”

 தைப்போர் கம்பி பொருத்துவோரைப் பார்த்தனர், கம்பி பொருத்துவோர் கைப்பிடி மாட்டுவோரைப் பார்த்தனர். முதலாளி இரக்கமுள்ளவர்தான். “சரிம்மா, உனக்குப் பதிலா வேற யாராச்சும் வெளிய நிக்கிறீங்களா?” என்று கேட்டார். தொண்ணூறு பேரும் அதே நொடியில் வானத்தில் ஒரு பறவையைப் பார்த்தார்கள். பறவை ஏதும் இல்லை.

அப்போது எழுந்தார் கணக்காளர். பேனா செருகிய சட்டைப்பையும், பேனாவுக்கும் கீழே தொடங்கி நெடுந்தூரம் செல்லும் வயிறும், தன் சொல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மறுமுறை சரிபார்க்கும் வழக்கமும் உடைய பெருமகன். அவர் உரைத்த தீர்ப்பாவது:

“தொண்ணூத்தொண்ணு பகா எண். அதாவது, ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர எதனாலயும் வகுபடாது. பார்த்தாலே தெரியல? மூஞ்சியே அப்படித்தான் இருக்கு. நீங்க எப்படி நின்னாலும் மிச்சம் வரும். இது என் பேச்சு இல்ல, கணக்கோட பேச்சு!”

கணக்கின் பேச்சு என்று யாராவது சொன்னால் நம்மவர்களுக்கு உடனே முதுகெலும்பு வளைந்துவிடும். தொண்ணூறு பேரும் தலையாட்டினார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கிறது, ஆனாலும் பாடுகிறேன்.

படக்காரர் மட்டும் தலையாட்டவில்லை. கல்யாணக் கூட்டத்தையே ஒரு சட்டத்துக்குள் திணித்த கை அவருடையது. நேர்வரிசை இல்லையென்றால் வேறு வியூகம் என்று துணிந்தார். முன்னே ஒருவர், அவர் பின்னே இருவர், அவர்கள் பின்னே மூவர், இப்படியே வரிசைக்கு ஒருவராக ஏற்றிக்கொண்டே போனார். பன்னிரண்டு பேர் கொண்ட வரிசை நிறைந்தது. பதின்மூன்று பேர் கொண்ட வரிசையில் கடைசி இடம் ஒன்று காலியாக இருந்தது. வெளியே அவள் ஒருத்தி இருந்தாள். போய் நின்றாள். மிச்சம் யாரும் இல்லை! ஒன்றிலிருந்து பதின்மூன்று வரையுள்ள எண்களைக் கூட்டிப் பார்த்தால் சரியாகத் தொண்ணூற்றொன்று வரும் என்பதை அங்கே எவரும் அறியார்; ஆயினும் கைதட்டல் மதிலைத் தாண்டிற்று. அவள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். ஆனால் முக்கோணத்தின் கூர்முனையில் தனியே நின்ற முதலாளி, நடந்து வந்து, படக்காரர் சோதனைக்கு எடுத்த படத்தைக் கேமராவின் திரையில் பார்த்து முகம் வெளுத்தார்.

“எல்லாரும் என்னை அடிக்கத் துரத்திக்கிட்டு வர்ற மாதிரி இருக்கே. கலைங்க, கலைங்க!”

கலைந்தார்கள். படக்காரர் பல்லைக் கடித்தார். முதலாளியை நடுவில் நிறுத்தினார், அவரைச் சுற்றி ஆறு பேரை வளையமாக நிறுத்தினார், அவர்களைச் சுற்றிப் பன்னிரண்டு பேரை, அப்புறம் பதினெட்டு, இருபத்துநான்கு, முப்பது என்று வளையத்துக்கு ஆறாறு பேராக ஏற்றினார். கடைசி வளையத்தின் கடைசி இடத்தில் மீண்டும் அவளே வந்து பொருந்தினாள். மீண்டும் மிச்சம் இல்லை! வகுபடாது என்று முத்திரை குத்தப்பட்ட அதே எண், முக்கோணம் என்றால் முக்கோணமாகவும் அறுகோணம் என்றால் அறுகோணமாகவும் கைகட்டி வாய்பொத்தி நின்றது. படக்காரர் மொட்டைமாடிக்கு ஓடினார். மேலிருந்து பார்க்க, அந்த முற்றமே விரித்த குடைபோல் இருந்தது என்று கத்தியபடி சோதனைக்கு ஒரு படம் எடுத்தார். முதலாளியின் நெஞ்சு விம்மிற்று. மாடிப்படியில் மூச்சிரைக்க ஏறிப்போய்த் திரையைக் குனிந்து பார்த்தார். குடையின் நட்டநடுவில், ஆண்டாண்டாக இடப்பக்க முடியை வாரி வலப்பக்கம் படியவைத்து அவர் உலகுக்கு மறைத்து வந்த வழுக்கை, பிற்பகல் வெயிலில் புது எவர்சில்வர் தட்டைப் போல ஜொலித்தது.

“வெளிச்சம் சரியில்ல” என்றார் முதலாளி. இறங்கினார்.

இருமுறை கிடைத்த இடம் இருமுறையும் பறிபோயிற்று. என் தலைவி நடுமுற்றத்தில் நின்றாள். அவளுக்கு அழுகை வந்தது. புகார்ப் பிரிவில் அழுகையை விழுங்கும் பயிற்சி இலவசமாகக் கிடைப்பதால் விழுங்கிக்கொண்டாள். கூட்டம் பொறுமை இழந்தது. தேநீர் வாளியில் ஆடை படிந்தது. ‘ஒரு ஆளுக்காக எத்தனை நேரம்’ என்று எவரோ முணுமுணுத்தது எல்லார் காதிலும் விழுந்தது, அவள் காதிலும் விழுந்தது. படக்காரரின் கையில் இருந்த குடை, அவருக்கே விருப்பமின்றி, மெல்ல அவள் பக்கம் சாய்ந்தது. அவள் கையும் மெல்ல எழுந்தது.

ஊழ்வினை என்பது கணக்காளரின் வாயில் குடியிருந்தது. அவர் அந்த நேரத்தில் சும்மா இருந்திருந்தால் இந்தக் காவியமே இல்லை. ஆனால் சரியாகச் சொன்னதாக நம்பும் மனிதனுக்குச் சொன்னதோடு நிற்க முடிவதில்லை; நிரூபித்தால்தான் சோறு இறங்கும். அவர் முன்னே வந்து சட்டைக் கையை மடித்தார்.

“அந்தம்மாவுக்கு மனசுல ஒரு குறை இருக்கக்கூடாது. இவ்வளவு நேரம் ஏழு வரிசை பார்க்கல இல்ல? அதையும் காட்டிடுறேன். அப்புறம் யாரும் பேசக்கூடாது!”

காட்டத் தொடங்கினார். ‘ஏழு ஒண்ணு ஏழு’ என்று அவர் ஓத, ஏழு வரிசைக்கும் ஒவ்வொருவர் போய் நின்றார். ‘ஏழு ரெண்டு பதினாலு’, இன்னும் ஏழு பேர். வாய்ப்பாடு ஏற ஏற வரிசைகள் ஒரே அளவில் வளர்ந்தன. ‘ஏழு பதினொண்ணு எழுபத்தேழு. ஏழு பன்னிரண்டு எண்பத்துநாலு.’ அத்துடன் வாயை மூடினார். ஏனெனில் அவர் படித்த பள்ளியில் வாய்ப்பாடு பன்னிரண்டோடு முடிந்துவிட்டது. பன்னிரண்டுக்குப் பிறகு புத்தகத்தின் அட்டை; அட்டைக்குப் பிறகு விடுமுறை. அவர் அறிந்த அகிலத்தின் விளிம்பு அதுவே. அதற்கு அப்பால் ஏழுக்கு வேலை இருக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை, அவரும் யாரையும் கேட்டதில்லை. அவர் மட்டுமா? அந்த முற்றத்தில் நின்ற தொண்ணூற்றொரு பேரும், அட்டை வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடியவர்கள்தாம். தொண்ணூற்றொன்று என்னும் எத்தன் ஒளிந்திருந்த இடம் அதுதான்: அட்டைக்கு மறுபுறம், முதல் வாசற்படியில்.

கணக்காளர் திரும்பிப் பார்த்தார். அவருக்கு விட்ட இடத்தையும் சேர்த்துப் பன்னிரண்டு பன்னிரண்டாக ஏழு வரிசை நின்றது. வெளியே விற்பனைப் பிரிவின் ஆறு பேரும் அவளும் நின்றார்கள். அவர் முகத்தில் வெற்றி பூத்துக் குலுங்கிற்று. கைகளை அகல விரித்து முழங்கினார்:

“பார்த்தீங்களா! ஒருத்தர் மிச்சம்னு அழுதீங்க. இப்ப ஏழு பேர் மிச்சம்! பகா எண்கிட்ட விளையாடினா இப்படித்தான்!”

எல்லாரும் சிரித்தார்கள். விற்பனைப் பிரிவினர் முகம் தொங்கிற்று. வெளியே நிற்பது எப்படியிருக்கும் என்று அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. அவள் சிரிக்கவில்லை. வெளியே நின்ற ஏழு பேரைப் பார்த்தாள். உள்ளே நின்ற ஏழு வரிசைகளைப் பார்த்தாள். மறுபடி ஆட்களைப் பார்த்தாள். இதில் மேதைமை ஏதும் இல்லை ஐயா, ஏழு நாற்காலியும் ஏழு பேரும் இருந்தால் குழந்தைகூட என்ன செய்யுமோ அதைத்தான் அவள் செய்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, நாலடி நடந்து, முதல் வரிசையின் கோடியில் போய் நின்றாள். விற்பனைப் பிரிவில் ஒருவர் வாயைப் பிளந்தார். பிறகு இரண்டாம் வரிசையின் கோடிக்கு ஓடினார். இன்னொருவர் மூன்றாவதற்கு. மீதிப் பேர் முட்டி மோதிக்கொண்டு மற்ற வரிசைகளுக்கு.

வெளியே யாரும் இல்லை.

வரிசைக்குப் பதின்மூன்று. வரிசைகள் ஏழு. கோட்டை விழுந்தது! இரண்டும் மூன்றும் ஐந்தும் ஆறும் முட்டித் தலை உடைந்து திரும்பிய மதிலில், ஏழும் பதின்மூன்றும் எனும் இரு வாயில்கள் தொடக்கம் முதலே தாழ்ப்பாள் கூட இல்லாமல் திறந்து கிடந்தன. பகா எண்ணின் முகமூடி கழன்று புழுதியில் விழ, பகு எண்ணாகிய தொண்ணூற்றொன்று அசடு வழிந்தது.

தோற்ற மன்னனை இகழ்வது மரபன்று. ஆகவே அதன் புகழையும் சொல்லிவிடுகிறேன். ஆறுக்கு ஆறாக ஆரஞ்சுப் பழத்தைப் பரப்பி, அதன்மேல் ஐந்துக்கு ஐந்து, அதன்மேல் நான்குக்கு நான்கு என்று உச்சியில் ஒற்றைப் பழம் வரும்வரை கோபுரம் அடுக்கினால் தொண்ணூற்றொரு பழம் செல்லும். மூன்றை மும்முறை பெருக்கியதையும் நான்கை மும்முறை பெருக்கியதையும் கூட்டினாலும் அதுவே. ஆறை மும்முறை பெருக்கியதிலிருந்து ஐந்தை மும்முறை பெருக்கியதைக் கழித்தாலும் அதுவே. இத்தனை குலப்பெருமை இருந்தும் அது மனிதர்களிடம் வாங்கிய பெயர் ‘வகுபடாது’ என்பதுதான். சிலருக்கு அப்படி அமைந்துவிடுகிறது.

கணக்காளர் வீழ்ந்தாரா என்றால், இல்லை. கண்முன்னே வகுபட்டு நிற்கும் எண்ணைப் பார்த்து, “நிக்கிறது நிக்கட்டும். ஆனா அது பகா எண்தான்” என்று அறிவித்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். இப்படிப்பட்ட மனவுறுதியை வேறு நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தியிருந்தால் அவர் எங்கேயோ போயிருப்பார்.

முதலாளிக்கு இன்னும் ஓர் ஐயம் இருந்தது. நாற்காலியில் அமர்ந்து இடப்பக்கம் எண்ணினார், ஆறு பேர். வலப்பக்கம் எண்ணினார், ஆறு பேர். பத்துப் பேர் வரிசையில் நடு என்று ஓர் இடம் கிடையாது. ஆண்டுதோறும் அரை ஆள் தள்ளியே உட்கார்ந்து, படத்தைப் பார்த்துப் பார்த்துப் புழுங்கியவர் அவர். பதின்மூன்றில் நடு உண்டு. அந்த நடுவில் இன்று அவர் இருந்தார். அவர் கண் கலங்கியது. “யாரும் அசையாதீங்க!” என்று ஆணையிட்டார்.

குடை பிடிக்க ஆள் இல்லை. படக்காரர் மொட்டைத் தலையை வெயிலுக்குக் கொடுத்துக் கேமராவின் பின்னே குனிந்தார். அந்த நேரம் பார்த்து, உள்ளே, புகார்ப் பிரிவின் மேசை மேல், தொலைபேசி அலறியது. கடமையின் குரல்! எங்கோ ஒரு குடை விரியவில்லை, அல்லது மடங்கவில்லை, அல்லது தொலைந்துவிட்டது. தொண்ணூறு தலைகளும் அவள் பக்கம் திரும்பின. அவள் வலக்கால் தானாக அரை அங்குலம் எழுந்தது. அவள் போனால் முதல் வரிசையில் பன்னிரண்டு. வரிசை கெடும், வெயில் இறங்கும், படக்காரர் கிளம்பிவிடுவார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எழுந்த காலைத் தரையில் வைத்து அழுத்தினாள். வாழ்நாளில் முதன்முறையாக ஒரு புகாரை அது பாட்டுக்கு அடிக்க விட்டாள்.

“கொஞ்சம் சிரிங்க!”

சிரித்தார்கள். அந்தச் சொடுக்கின் நொடியில், இரண்டாம் வரிசையில் நின்ற கணக்காளர் மட்டும், உள்ளே குமைந்த ஐயம் தாளாமல், பின்வரிசைகளை இன்னொருமுறை எண்ணிப் பார்க்கலாம் என்று சட்டெனத் திரும்பினார். ஆகவே அந்த ஆண்டு, உலகம் உள்ளளவும் வாசலில் தொங்கப்போகும் படத்தில், தொண்ணூறு முகங்களும் ஒரு முதுகும் பதிந்தன.

படம் கைக்கு வந்த அன்று மாலை, வென்ற நாட்டின் கொடியைச் சுமந்துவரும் தானைத் தலைவியைப் போல், அவள் அதை நெஞ்சோடு அணைத்து வீடு சேர்ந்து, பழைய படத்தைக் கழற்றிப் புதிய படத்தை அதே ஆணியில் மாட்டி, விளக்கைப் போட்டு, அப்பாவை அழைத்தாள். டிக்கெட் பரிசோதகர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்து, கைகளைப் பின்னே கட்டி, ரயில் பெட்டியில் நடப்பதுபோல் மெல்ல ஒவ்வொரு வரிசையாகப் பார்வையிட்டு, முதுகு காட்டி நின்ற கணக்காளரைத் தாண்டி, முதல் வரிசையின் கோடிக்கு வந்து, தலை முதல் கால் வரை முழுசாக நின்று சிரித்த மகளின் மேல் விரலை வைத்தார். விரலை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. விண்ணோர் பூமாரி பொழிய, திசைகள் எட்டும் முரசறைய, மூவுலகும் அவர் திருவாய் மலர்வதற்காகக் காத்து நிற்க, அவர் கழற்றி வைத்த பழைய படத்தைக் கையில் எடுத்து, அதன் கீழோரத்தில் தரையில் விழுந்திருந்த வட்ட நிழலைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

“போன வருஷம் அவ்வளவு நேரம் குடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னியே, கை வலிச்சுதாம்மா?”